ஜாஸ்மின் தனியாகப் போன திங்கட்கிழமை

எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் வலி, சளித் தொந்தரவு எல்லாம் தேவலையா? நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்து படியுங்கள். சகாயராணிக்குத்தான் இப்போது உட்கார வழியில்லை.

கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் இளநீர் வண்டிக்கும் கழிப்பறைச் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறாள் அவள். உடம்பில் பக்கத்து வீட்டு நஞ்சம்மாளின் பழைய புடவை. முகத்தில் மாஸ்க். இடுப்பில் ஒரு கூடை தக்காளி. அதுவும் நஞ்சம்மாளுடையதுதான். பார்க்கிறவர்களுக்குச் சந்தைக்குப் போகிற அம்மாள் மாதிரி தெரிய வேண்டுமாம்.

இருபதடி தள்ளி, அரூர் பஸ் நிற்கிற இடத்தில் நேராக நிற்கிறாள் அவள் மகள் ஜாஸ்மின். பத்தொன்பது வயது. எழுத்தும் கணக்கும் அவளுக்கு மெதுவாகத்தான் ஏறும். சிறப்புப் பள்ளியில் இது கடைசி வருஷம். பள்ளி முடிந்தால் அப்புறம் என்ன என்று நினைத்து நினைத்தே சகாயராணிக்குப் பாதி தலை நரைத்துவிட்டது.

நல்ல வேளையாக அரூரில் குல்ஷன் என்கிற பெண்மணி, சித்தேரியிலிருந்து சாமை வாங்கி முறுக்கு சுட்டு பாக்கெட் போடுகிற கம்பெனி நடத்துகிறாள். எடை போட்டு ஒட்டும் வேலைக்கு ஜாஸ்மினை எடுத்துக்கொள்ள அவள் தயார். ஒரே நிபந்தனை, தனியாக பஸ் ஏறி வரவேண்டும். அதற்குத்தான் இன்றைக்குப் பரீட்சை.

"அம்மா, நீங்க பின்னாடி வரவே கூடாதுங்க. வந்தா இது செல்லாது" என்று வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார் அன்பரசி டீச்சர்.

"மாதா மேல சத்தியமா வர மாட்டனுங்க டீச்சர்!"

திங்கட்கிழமை விடிந்ததும் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் கணவர் மதலைமுத்து.

"சர்ச்சுக்குங்க."

"தக்காளிக் கூடையோடயா?"

"ஃபாதருக்குங்க."

"சரி, சரி" என்று அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் நின்ற ஐந்தாவது நிமிஷமே ஓர் அம்மாள் வந்து கூடைக்குள் கையை விட்டாள்.

"தக்காளி எப்டிங்க?"

சகாயராணியின் கண் மகள் மேலேயே இருந்தது. தொல்லை விட்டால் போதும் என்று, "சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

அவ்வளவுதான். அந்த அம்மாள் போய்த் தன் நாத்தனாரைக் கூட்டி வந்தாள். நாத்தனார் அவள் ஓரகத்தியைக் கூப்பிட்டாள். "ஏய், இங்க தக்காளி சும்மா தர்றாங்களாம்!" என்று யாரோ கத்த, காலேஜ் பிள்ளைகள்கூடப் பையைத் திறந்துகொண்டு வந்தார்கள். சகாயராணியைச் சுற்றிக் கோட்டை மதில் மாதிரிக் கூட்டம். எட்டிப் பார்த்தால் மகளைக் காணோம். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று பாதிக் கூடையோடு ஓடி ஏறினாள்.

"ஏம்மா, கூடைய வழியில வெக்காத. முன்னாடி கொண்டு போயி வையி" என்றார் கண்டக்டர் பிரபாகர்.

"இங்கயே இருக்கட்டுங்களே..."

"முன்னாடி போங்கறன்!"

முன்னாடி என்றால் எங்கே? ஜாஸ்மின் உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் பக்கத்தில். சகாயராணி மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். குனிந்திருந்தவளுக்கு வேகத்தடை வந்தது தெரியவில்லை. பஸ் ஒரு குதி குதித்தது. கூடை கவிழ்ந்து, தக்காளி டிரைவர் காலடியிலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் உருண்டது.

எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஜாஸ்மின் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கியதை அப்படியே போடவும் இல்லை. கெட்டிக்காய் அடியில், பழம் மேலே, நசுங்கினது தனியாக ஒரு கவரில். அன்பரசி டீச்சர் பள்ளியில் மூன்று வருஷமாகத் தரம் பிரித்து அடுக்கச் சொல்லிக் கொடுத்த கை அது. ஓடுகிற பஸ்ஸில், இத்தனை பேர் பார்க்க, ஒரு பதற்றம் இல்லாமல் ஓடிற்று. சகாயராணி வாயைப் பிளந்து பார்த்தாள். மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவள் இந்தப் பெண்ணைத் தூக்க விட்டதில்லை.

"கூடைய கால் நடுவுல வெச்சிப் புடிச்சிக்கணுங்க ஆயா" என்றாள் ஜாஸ்மின்.

ஆயாவா! நாற்பத்தாறு வயதுக்காரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒரு ஆசை வந்தது. முன்பின் தெரியாதவர்கள் கேட்டால் பிள்ளை என்ன செய்வாள் என்று பார்த்துவிட வேண்டும். குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள்.

"எங்க கண்ணு போற?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"உம்பேரு என்ன கண்ணு?"

"அதயுந்தாங்க."

சகாயராணிக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"வூடு எந்தத் தெரு? அப்பா என்ன வேல பாக்கறாரு?"

ஜாஸ்மின் கையை உயர்த்தினாள். வகுப்பில் தூக்குவது போல நேராக. "கண்டக்டர் சார்! இவங்க என்னயத் தொந்தரவு பண்றாங்க."

ஜாஸ்மின் எழுந்து இரண்டு சீட்டு பின்னால் போய், ஒரு நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிரபாகர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"யாரும்மா நீ? மாஸ்க்கக் கழட்டு."

"எனக்குச் சளிங்க..."

"அப்பவே பாத்தங்க" என்றார் ஒரு பெரியவர். "ஸ்டாண்டுல ஊருக்கே தக்காளி சும்மா குடுத்துக்கிட்டு நின்னா. மயக்க மருந்து கிருந்து போட்டிருப்பா!"

இரண்டு பேர் கையிலிருந்த தக்காளியைப் பட்டென்று கீழே போட்டார்கள். ஒருத்தர் பாதி தின்றிருந்தார். அவர் முகம் வெளுத்துப்போய்த் தண்ணி பாட்டிலைத் தேடினார்.

நான்தான் அவள் அம்மா என்று சொன்னால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். வேலையும் சேர்ந்து முடிந்துவிடும். சகாயராணி வாயை இறுக மூடிக்கொண்டு அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டாள்.

அரூர் வந்தது. பிரபாகர் அவள் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். ஜன்னல் வழியாக மகள் இறங்கிப் போவதைப் பார்த்தாள். ரோட்டோரம் நின்றாள் ஜாஸ்மின். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். ஒரு லாரி, இரண்டு பைக், ஒரு ஆட்டோ போகவிட்டாள். நாலு பேர் கடக்கும்போது அவர்களோடு சேர்ந்து கடந்தாள். சகாயராணியே அப்படிக் கடந்ததில்லை. கையை நீட்டிக்கொண்டு ஓடுகிற ஜாதி அவள்.

மகள் தலை மறைந்ததும் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"அண்ணா, நாந்தான் அவளப் பெத்தவ. இன்னிக்கி அவளுக்குத் தனியா வர்ற பரீட்ச. நான் வந்தது தெரிஞ்சா வேல போயிருங்க."

பிரபாகர் அவள் முகத்தையும் செல்லில் அவள் காட்டிய குடும்பப் போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அடப் போம்மா! உம்பொண்ணு எவ்ளோ தெளிவா இருக்குது. உன்னயத்தான் யாராச்சும் கூட்டியாரணும்" என்று கையை விட்டார்.

கூடையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். கம்பெனிக் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று எண்ணம். பார்த்தாள். தலையில் தொப்பி, கையில் கிளவுஸ். தராசில் முறுக்கு வைத்தாள் ஜாஸ்மின். முள் கோட்டில் நின்றது. அடுத்த பாக்கெட். முள் கோட்டில் நின்றது. அடுத்தது. ஒரு முறுக்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தேவாலயத்தில் திருப்பலி பார்க்கிற மாதிரி மெய்மறந்து சாய்ந்தாள் சகாயராணி. கதவு திறந்துகொண்டது. உள்ளே வந்து விழுந்தாள்.

"வாங்கக்கா, வாங்க" என்று தூக்கி உட்கார வைத்தாள் குல்ஷன். "தண்ணி குடிங்க மொதல்ல."

"அவள ஃபெயிலாக்கிராதீங்க!" சகாயராணி கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்கயும் அவ தப்பே பண்ணலீங்க. தப்பெல்லாம் என்னுது. நாந்தான் திருட்டுத்தனமா வந்தன்."

ஜாஸ்மின் கிளவுஸைக் கழற்றிவிட்டு ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்தாள். பேப்பர் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம். பஸ், வாய், கண். பஸ்ஸிலும் வாயிலும் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது.

"அம்மா, அழுவுறியா?"

"இல்ல கண்ணு."

"கண்ணுல தண்ணி வருது." கண் படத்துக்குப் பக்கத்தில் பொறுமையாக ஒரு டிக் போட்டாள்.

"அது என்ன கண்ணு பேப்பரு?"

"குல்ஷன் அக்கா சொல்லுவாங்க. எனக்கு வேல கெடக்குது." திரும்பவும் தராசுக்குப் போய்விட்டாள்.

குல்ஷன் அந்தப் பேப்பரை மடித்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க வூட்டுக்காரரு கையெழுத்துப் போட்டுக் குடுத்து, ஸ்கூல்ல இருந்து ரெண்டு வாரமா ஜாஸ்மின் தனியாத்தான் வந்துட்டுப் போறாக்கா. இன்னிக்கிப் பரீட்ச உங்களுக்கு. நீங்க பஸ் ஏறுனது, வாயக் குடுத்தது, அழுவுறது எல்லாத்துக்கும் மார்க்குப் போட்டது அவ. அடுத்த திங்கக்கெழம மறுபடியும் வெக்கிறாங்களாம், வராம இருந்தீங்கன்னா பாஸு."

இந்தப் பரீட்சையில் நீங்களும் ஃபெயிலானவர்தான் என்றால், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.