அத்தானின் பின்மண்டை விஷயமாக

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் வீட்டுக்காரியும் கடையும் சுகமாக இருக்கிறோம். வழக்கப்படி இந்த இடத்தில் தங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டும். விசாரிக்கக் கை கூசுகிறது. தங்களுக்கு ஏதோ பெரிய வியாதி என்று தாங்களும் ஊரும் நம்பிக்கொண்டிருப்பதற்குக் காரணமே நான்தான். ஆகவே சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்களுக்கு ஒரு வியாதியும் கிடையாது. திங்கட்கிழமை ஸ்கேன் எடுக்கப் போக வேண்டாம். தங்கள் பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி காணாமல் போனது நோயால் அல்ல, என் கத்திரியால். எடுத்தவன் நான். எடுத்தது மீன் பிடிக்க.

இதை நேரில் வந்து காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். முகமில்லாமல்தான் போனில் சொல்லப் பார்த்தேன். மூன்று முறை கூப்பிட்டேன். முதல் முறை நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள், "மாப்ளே, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்காவ நீதான் பாத்துக்கணும்" என்றீர்கள். இரண்டாம் முறை, "என் எடைக்கல் பெட்டிய நீ வச்சுக்க, வேற யாருக்கும் அதோட அருமை தெரியாது" என்றீர்கள். மூன்றாம் முறை மூக்கை மட்டும் உறிஞ்சினீர்கள். இதற்கு மேல் எந்த வாயை வைத்துக்கொண்டு ஈ, மீன், தூண்டில் என்று பேசுவது? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன். என் சலூனுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரையும், மாடியில் பல் பிடுங்கும் டாக்டரையும் தங்களுக்குத் தெரியும். இருவரும் என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்வார்கள். போன மாதம் ஒருநாள் டாக்டர் சோப்பு நுரையோடு உட்கார்ந்துகொண்டே, "மலை ஆத்துக்கு மீன் பிடிக்கப் போறோம். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயித்துக்கிழமை வந்துருவோம். நீங்களும் வாங்களேன்" என்றார். அத்தான், முப்பத்தொரு வருடமாக இந்த ஊர் என் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுச் சண்டையிலிருந்து வெளியூர்ப் பயணம்வரை எல்லாவற்றையும் என்னிடம் கொட்டியிருக்கிறது. ஒருத்தர்கூட "நீயும் வா" என்று சொன்னதில்லை. வேலை முடிந்ததும் சட்டைக் காலரை உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எனக்கும் அது உறைத்ததில்லை. டாக்டர் கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. கத்தி வழுக்கிற்று. அவர் தாடையில் சின்னதாக ஒரு கீறலும் விழுந்தது. அன்றைக்கே இந்தப் பயணம் எனக்கு ஒத்துவராது என்று புரிந்திருக்க வேண்டும்.

இது புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் கொட்டாவி விடுகிற மீன்பிடி இல்லை. சின்னக் கொக்கியின் மேல் இறகு, முடி, நூல் எல்லாம் வைத்துக் கட்டி ஈயைப் போல ஒரு பொய்ப்பூச்சி செய்ய வேண்டும். அதை நீளமான கயிற்றின் நுனியில் மாட்டிச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் சுழற்றி, நிஜப் பூச்சி வந்து உட்காருவது போலத் தண்ணீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். மீன் அதை நம்பிக் கவ்வும். மொத்தத்தில், நம்பவைத்துக் கழுத்தறுக்கிற கலை. தூண்டில்கோல் கண்ணாடிக்காரர் பொறுப்பு. வண்டியும் கூடாரமும் டாக்டர் பொறுப்பு. "பூச்சி கட்டுறது உங்க பொறுப்பு. கையில கத்திரி இருக்கு, தரையில முடி இருக்கு, வேற என்ன வேணும்?" என்றார்கள். நானும் பெரிய வித்தைக்காரன் மாதிரி தலையை ஆட்டிவிட்டேன்.

வீசிப் பழகிய கதையைச் சொன்னால் தாங்கள் இந்த நிலைமையிலும் சிரிப்பீர்கள். முதல் நாள் கடைக்குள்ளேயே வீசினேன். கயிறு மின்விசிறியில் சுற்றிக்கொண்டு, பவுடர் டப்பாவையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றியது. காத்திருந்த இரண்டு பேர் வெள்ளையாக வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் வெளியே தெருவோரம் நின்று வீசினேன். பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரரின் சொந்தக் கண்ணாடியைக் கொக்கி கழற்றிக்கொண்டு போய், அப்போது கடந்துபோன பஸ்ஸின் கூரையில் வைத்துவிட்டது. பஸ் டெப்போவுக்குப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனுஷர் அன்று மாலைவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். சிநேகிதர்கள் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீச வராவிட்டாலும் பூச்சியையாவது ஒழுங்காகக் கட்ட வேண்டுமே என்று வைராக்கியம் வந்தது. கடையில் பெருக்கித் தள்ளுகிற முடியில் கட்டிப் பார்த்தேன். தண்ணீரில் போட்டதும் கல் மாதிரி மூழ்கியது. பெயிண்ட் பிரஷ் முடியில் கட்டினேன், அது விறைத்துக்கொண்டு முள்ளம்பன்றியைப் போல நின்றது. வீட்டுக்காரியின் கம்பளிச் சால்வையிலிருந்து ஓரமாகக் கொஞ்சம் உருவினேன். அதைப் பற்றி வேறொரு கடிதத்தில் எழுத வேண்டும். கடைசியில் ஒருநாள் கைக்குக் கிடைத்தது தங்கள் முடி. தாங்கள் வழக்கமாக வெட்டிக்கொண்டு போன பிறகு தரையில் கிடந்ததுதான், அதில் தப்பில்லை.

இனி எழுதப்போவதற்குத் தாங்கள் கோபிக்கக் கூடாது. தாங்கள் தலைக்குச் சாயம் பூசுவது எனக்குத் தெரியும். மாதத்துக்கொருமுறை அக்கா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பூசிவிடுவதும், சாயம் சில சமயம் ஏமாற்றிச் செம்பு நிறத்துக்கு மாறிவிடுவதும், தாங்கள் அதை வெயிலின் மேல் போடுவதும் எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் என் தொழிலில் சேர்ந்தது. ஆக, தங்கள் முடி ஒன்றை எடுத்தால் அடியில் வெள்ளை, நடுவில் செம்பு, நுனியில் கறுப்பு. கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த ஆற்றுப் பூச்சியின் உடம்பில் இருக்கிற வரிகள் அச்சாக இப்படியே இருக்கும் என்று துள்ளினார். வருஷக்கணக்காகச் சாயம் ஏறியதால் தண்ணீரில் மிதக்கவும் செய்தது. மூன்று பூச்சி கட்டினேன். நீர்த்தேக்கத்துக்குப் போய் டாக்டர் வீசினார். நாலாவது வீச்சில் ஒரு முழ நீள மீன்! "என்ன முடிங்க இது?" என்று என்னைக் கட்டிப்பிடித்துக் கேட்டார். எனக்கு வாயில் வந்தது, "வெளிநாட்டு ஆடு" என்பதுதான். தங்களை ஆடு என்று சொன்னதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மலை ஆற்றுக்கு இரண்டு டஜன் வேண்டும் என்றார்கள். தரையில் கிடந்தது மூன்றுக்கே சரியாகப் போய்விட்டது. இந்த நேரத்தில்தான், போன புதன்கிழமை, தாங்கள் கடைக்குள் வந்தீர்கள். "நாளைக்குப் பிரிவுபசார விழா மாப்ளே. காதோரம் மட்டும் ஒதுக்கிவிடு. பின்னாடி கை வைக்காதே" என்று தெளிவாகத்தான் சொன்னீர்கள். சொல்லிவிட்டு வழக்கம்போல நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டீர்கள். நான் காதோரம் ஒதுக்கினேன். பின்னால் பார்த்தேன். ஒரு சிட்டிகை எடுத்தால் யாருக்குத் தெரியும், போட்டோவெல்லாம் முன்னாலிருந்துதானே எடுப்பார்கள் என்று தோன்றியது. எடுத்தேன். இன்னொரு சிட்டிகை. ஒவ்வொரு சிட்டிகையும் ஒரு பூச்சி, ஒவ்வொரு பூச்சியும் ஒரு மீன் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே போனது. சுயநினைவு வந்தபோது இருபத்தொரு பூச்சிக்குச் சேர்ந்திருந்தது. தங்கள் பின்மண்டை பளிச்சென்று என்னைப் பார்த்தது.

வெட்டி முடித்ததும் பின்னால் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். சின்னப் பிள்ளைக்குக்கூடக் காட்டாமல் அனுப்பியதில்லை. அன்றைக்கு, "கண்ணாடி உடைஞ்சுபோச்சு அத்தான்" என்றேன். அது என் கையில்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். "பரவால்ல, நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். முப்பத்தைந்து வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்து, ஒரு கிராம் குறைந்தாலும் சீல் வைத்தவர் தாங்கள். அப்பேர்ப்பட்டவரின் தலையிலேயே நான் எடை குறைத்துவிட்டேன்.

விழாவில் தங்கள் பணிக்காலப் படங்களைத் திரையில் ஓட்டுவார்கள் என்று நான் கனவா கண்டேன்? மேடையில் தங்களைத் திரை பார்க்க உட்காரவைத்தார்கள். இருபது நிமிடம் மொத்த மண்டபமும் தங்கள் பின்மண்டையைப் பார்த்தது. படங்களை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். தங்கள் அலுவலகத் தட்டச்சுக்காரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நாள் குடுத்திருக்காங்க?" என்று கேட்டார். அக்கா வேலையைப் பற்றிக் கேட்பதாக நினைத்து, "இந்த மாசக் கடைசியோட முடியுதும்மா" என்றாள். அந்த அம்மா அங்கேயே அழ ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் செய்தி கடைசி வரிசைக்குப் போய்விட்டது. அதன் பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். தாங்கள் மூன்று முறை தராசைப் பறிமுதல் செய்த மொத்த வியாபாரி மேடையேறி வந்து தங்களைக் கட்டிக்கொண்டு கதறினார். மறுநாள் தாங்கள் கடைக்கு முன்னால் நின்று, "என்னை யாருக்குமே பிடிக்காதுன்னு நெனச்சிட்டிருந்தேன் மாப்ளே" என்று சொன்னபோது தங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். நான் உள்ளே போய் வெந்நீர் அடுப்பைப் பார்ப்பது மாதிரி நின்றுகொண்டேன்.

சனிக்கிழமை துண்டால் தலை துவட்டும்போது தாங்களே அந்த இடத்தைத் தடவிவிட்டீர்கள். அதிலிருந்து ஸ்கேன், உயில், எடைக்கல் பெட்டி. அக்கா சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கும் இறங்கவில்லை. ஒரு மீனுக்காக ஒரு மனுஷரைச் சாகத் தயார்படுத்திவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதனால் முடிவெடுத்துவிட்டேன். நாளை வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு நான் போகப்போவதில்லை. சிநேகிதர்கள் என்ன நினைத்தாலும் சரி. கட்டிய இருபத்தொரு பூச்சிகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் பொருள் தங்களிடமே வந்து சேரட்டும். கொக்கி குத்தும், பிரிக்கும்போது ஜாக்கிரதை. இனி என் ஆயுளுக்கும், கேட்டதற்கு மேல் ஒரு முடிகூட எவர் தலையிலிருந்தும் எடுக்க மாட்டேன் என்று என் கத்திரியின் மேல் சத்தியம் செய்கிறேன்.

அக்காவை வயிறாரச் சாப்பிடச் சொல்லவும். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள். தாங்கள் நூறு வயது இருப்பீர்கள். முடி இரண்டே மாதத்தில் வந்துவிடும், அது தொழில்முறையில் நான் தரும் உறுதி.

இப்படிக்கு,
தங்கள் தலைக்கு முப்பத்தொரு வருடம் காவலிருந்து கால் மணி நேரம் திருடிய மைத்துனன்.

பின்குறிப்பு: இணைத்திருப்பதாக மேலே எழுதிய பூச்சிகளை உறைக்குள் தேட வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது தாங்களே கடைக்குள் வந்துவிட்டீர்கள் அல்லவா? "ஸ்கேனுக்கு முன்னாடி மொத்தத்தையும் எடுத்துடு மாப்ளே, டாக்டருக்கு வசதியா இருக்கும். வேற கடைக்குப் போங்கன்னு உங்க அக்கா சொன்னா. உன் கையைத் தவிர வேற யாரையும் நம்பித் தலையக் குடுக்க மாட்டேன்னுட்டேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அத்தான்" என்று கூப்பிட்டேன். "ம்?" என்றீர்கள். "தலையக் கொஞ்சம் குனிங்க" என்றேன். பாதி பயம். மீதிப் பாதி என்னவென்று தங்களிடம் மறைக்க மாட்டேன். தாங்கள் மொட்டைத் தலையைத் தடவி, என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போன பிறகு தரையைச் சுத்தமாகப் பெருக்கினேன். எதையும் வீசவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை காலை. இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரியிடம் தந்திருக்கிறேன். ஸ்கேனை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடவும். வெட்கமாக இருக்கிறது அத்தான், நிஜமாகவே வெட்கமாக இருக்கிறது. வெளியே பல் டாக்டர் ஹாரன் அடிக்கிறார். இன்னும் எண்பது பூச்சிக்குக் காணும், போகிற வழியில் வண்டியிலேயே கட்டிக்கொள்வேன்.