இரு தீவுகளின் ஒரே மீன்

மீன்குலத்தின் வரலாற்றையே திருத்தி எழுதிய அந்த மாபெரும் கூட்டத்தில் இருந்தோர்: இயக்குநர், அவருடைய மனைவியின் தம்பியான கள அலுவலர், அறிக்கைக்கு அட்டை கொண்டுவந்து, அப்படியே உட்கார்ந்துவிட்ட அச்சகக்காரர், நாற்காலி போதாமல் நின்ற ஆய்வக உதவியாளர். உதவியாளர் தற்காலிகம். அவருடைய பணிநீட்டிப்புத் தாள் இயக்குநரின் பேனாவுக்கு அடியில் கிடந்தது.

விஷயம் எளிது. சின்னத் தீவின் ஓடையை மண்ணடித்து மூடி விடுதி கட்ட வேண்டும். ஓடையிலுள்ள மீன் பெரிய தீவிலும் இருந்தால் மூடலாம். தனியாகப் பிரிந்த இனமென்றால் கூடாது. எனவே கள அலுவலர் தீவுக்கு இருபது மீனாகத் துடுப்பு நுனி வெட்டி, இரண்டு பெட்டிகளில் மரபணுச் சோதனைக்குக் கொண்டுவந்திருந்தார்.

“முடிவைச் சொல்லும்மா.”

“ரெண்டு பெட்டியும் ஒண்ணுதான் சார்.”

“பாத்தியா மாப்ள! பிரியவே இல்ல. என்ன ஒத்துமை!”

“ஒத்துமை கொஞ்சம் ஓவர் சார். இந்தப் பெட்டி ஏழாம் நம்பரும் அந்தப் பெட்டி ஏழாம் நம்பரும் ஒரே மீன். இருபதும் அப்படித்தான்.”

“அண்ணன் தம்பியா இருக்கும்,” என்றார் அச்சகக்காரர்.

“அண்ணன் தம்பின்னா கொஞ்சமாவது மாறும். இது இடது துடுப்பு ஒரு பெட்டியில, வலது துடுப்பு இன்னொண்ணுல.”

எல்லோரும் கள அலுவலரைப் பார்த்தார்கள்.

“சின்னத் தீவுக்குப் பாலம் இருக்கு மாமா. பெரிய தீவுக்குப் படகுல போகணும். படகுன்னா எனக்குக் குமட்டும்னு அக்காவுக்கே தெரியும்.”

அறிவியலுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. ஒரே ஓடையில் நின்று இரண்டு தீவுகளுக்கும் மீன் வழங்கிய வள்ளலைத் துறை அன்றுதான் கண்டது.

“‘வேறுபாடு ஏதும் இல்லை’ன்னு எழுதும்மா. பொய் இல்லயே?”

“பொய் இல்ல சார். ஆனா பெரிய தீவுல இந்த மீன் இருக்கான்னு யாருமே பாக்கல. ஓடையை மூடிட்டா, அப்புறம் எங்கயுமே இல்லாமப் போயிடலாம்.”

“நீ கையெழுத்துப் போடு. நானும் இதுல போடறேன்.”

பேனா நீட்டிப்புத் தாளின் மேல் நின்றது. உதவியாளரின் வீட்டிலும் அடுத்த மாதம் என்று ஒன்று வரவிருந்தது. அவர் ஒரே வரி எழுதினார்: ‘நாற்பது மாதிரிகளும் சின்னத் தீவின் இருபது மீன்களே.’ கையெழுத்திட்டார்.

இயக்குநர் பேனாவை மூடினார். உதவியாளர் எழுதிய பக்கம் கிழிந்தது. புதுப் பக்கத்தில், ‘ஆய்வக வல்லுநர்’ என்ற இடத்தில் அச்சகக்காரர் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு கையெழுத்திட்டார்.

உதவியாளர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். இப்போது உள்ளே இருந்த மூவருக்குள் ‘வேறுபாடு ஏதும் இல்லை’. அது கலப்பில்லாமல் நீடிக்கும்பொருட்டு, கள அலுவலர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திப் பூட்டினார்.