அட்டையில் நாலு சொட்டு

என் வீட்டுக்காரர் ஒரு சபதம் எடுத்தார். எங்கள் காரின் இன்ஜினைப் பிரிக்காமலே ஆயில் ஒழுகுவதை நிறுத்திக் காட்டுவாராம். கிழட்டு வண்டி, பிரித்துப் போட்டால்தான் சரியாகும் என்று மெக்கானிக் சொன்னதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

எனக்கோ அது சரியாகவே வேண்டாம். வண்டி சரியானால் அவர் ஓட்டுவார். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இனித் தெளியாது, ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லியாகிவிட்டது. பேச்செடுத்தாலே, அந்த டாக்டருக்கு முதலில் ஓட்டத் தெரியுமா என்று கேட்பார். போன தடவை கேட் தூணில் இடித்ததுகூட, தூண்தான் குறுக்கே வந்ததாம்.

இன்ஜினைத் துடைத்து, என் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து மேலெல்லாம் தூவினார். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஒழுகுகிறதாம். நான் வெறும் முகத்தோடு நின்றேன். இன்ஜின் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. மேல்மூடி ஓரத்தில்தான் கசிவு. கண்ணுக்குப் பதிலாக விரலை வைத்தே மூடிக்கடியில் இருந்த பழைய ரப்பர் கேஸ்கெட்டைக் கழற்றி, புதிதைப் போட்டு, போல்ட்டுகளை முறுக்கினார். சொட்டு விழுகிறதா என்று பார்க்க வண்டிக்கடியில் அட்டை விரித்தார்.

மறுநாள் அட்டை சுத்தம். இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தால் மகள் வீட்டுக்கு வண்டியிலேயே போகலாம் என்றார்.

அன்றிலிருந்து அவர் பல் தேய்க்கப் போனதும் நான் பழைய ஆயில் பாட்டிலோடு ஓடுவேன். அட்டையில் நாலு சொட்டு. அவர் மண்டி போட்டு, தடவிப் பார்த்து, ஸ்பேனரைத் தேடுவார். இத்தனை வருஷத்தில் நான் அவரை ஜெயித்தது இது ஒன்றில்தான். ஜெயித்தும் சோறு இறங்கவில்லை.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். தலையைத் தூக்க முடியவில்லை. இன்றைக்குச் சாவியை எடுத்துவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அவர் அட்டையோடு உள்ளே வந்தார்.

"இன்னும் நிக்கலம்மா. இனிமே பஸ்லயே போயிக்கலாம்."

பார்த்தேன். அட்டையில் பெரிது பெரிதாக நாலு சொட்டு. நான் பாட்டிலைத் தொடவே இல்லையே.

"நிஜமாவே ஒழுகுதாங்க?"

அவர் போர்வையை இழுத்து என் காலை மூடினார்.

"நீ படுத்துக்கிட்டா நான்தானே ஊத்தணும்."