சத்தமே கேட்காத பொண்ணு

எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாக வேண்டுமானால் ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது, சாயாக்கடையும் பொருந்த வேண்டும். ஜாதகத்தை ஜோசியரிடம் காட்டிய கையோடு, மாப்பிள்ளை வீட்டார் முகம் தெரியாத ஒருவரைத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் வாடகைக்கு வீடு தேடுகிறவர் போலவோ, வெயிலுக்கு ஒதுங்கியவர் போலவோ வந்து நின்று, "அந்தப் பச்சை கேட் வீட்டுக்காரங்க எப்படி?" என்று பேச்சுவாக்கில் கேட்பார். இதற்கு விசாரிப்பு என்று பெயர். போலீஸ்காரர்கள் இவர்களை விட எவ்வளவோ மேல். அவர்கள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டாவது வருவார்கள்.

இந்த விசாரிப்பில் எனக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் போயிருந்தன. முதல் வரனுக்காக வந்தவரிடம் எதிர்வீட்டு ஷெர்லி சேச்சி, "நல்ல மோளு. தேஷ்யம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். (தேஷ்யம் என்றால் கோபம். கொஞ்சம் என்பது சேச்சியின் பெருந்தன்மை.) இரண்டாவது வரனுக்கு, தெருமுனை சாயாக்கடை அஷ்ரப் இக்கா என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, நான் ஸ்கூட்டரில் போனால் அவர் கடை பாய்லர் அணைந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். அதோடு அந்த வரனும் அணைந்தது.

மூன்றாவதாக வந்தவர்தான் முரளி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், ஏலூரில் ஒரு தொழிற்சாலையின் லேபில் வேலை. இரண்டு வீட்டார் சம்மதத்தோடு போனில் பேசிக்கொண்டோம். நான் ஒரு ஜோக் சொன்னால் உடனே சிரிக்க மாட்டார். யோசித்து, புரிந்துகொண்டு, பிறகு சிரிப்பார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதை வீட்டில் சொல்லவில்லை. வெளியே சொன்னால் இதுவும் போய்விடும் என்று பயம்.

ஒருநாள் போனில் முரளியே சொன்னார்: "எங்க வீட்டிலே எல்லாம் அத்தை தீர்மானம்தான். அப்பாவோட அக்கா. அவங்க வந்து விசாரிப்பாங்க. எப்ப, எந்த ரூபத்திலே வருவாங்கன்னு எனக்கே தெரியாது."

அம்மாவிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், மறுநாளே ஒரு தூக்குவாளி நிறைய உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வீட்டுக்கு நாலு வடையும் ஒரு வாக்கியமும். "அடக்கமான பொண்ணு, சத்தமே கேக்காது." யார் வந்து கேட்டாலும் இதை மட்டும் சொன்னால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். அஷ்ரப் இக்கா வடையைக் கடித்துக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டாராம்: "ஸ்கூட்டர் சத்தமும் கேக்காதுன்னு பறயணுமா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லார்மீதும் சந்தேகம். ஐம்பது வயதைத் தாண்டிய எந்தப் பெண் தெருவில் நுழைந்தாலும் அத்தைதான். பப்படம் விற்க வந்த அம்மாளை உட்கார வைத்து இலை போட்டுச் சாப்பாடு போட்டோம். (அவர் அப்புறம் தினமும் சரியாக ஒரு மணிக்கு வர ஆரம்பித்தார்.) தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த பெண்ணுக்குப் பாயசம். ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி வழி தெரியாமல் எங்கள் கேட் முன்னால் நின்றபோது அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டாள்.

"இவ்வளவு வெளுப்பா எந்த அத்தைடி இருப்பா?" என்றார் அப்பா.

"வேஷம்னு வந்துட்டா எதையும் போடுவாங்க. நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா.

சிரிக்காதீர்கள், நான் அதைவிட மோசம். ஸ்கூட்டரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்தேன். பஜார் ரோட்டில் நான் வேலை பார்த்த மசாலா ஏற்றுமதி ஆபீசுக்குப் புதிதாக வந்த டைப்பிஸ்ட்டையும் நம்பவில்லை. வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னருக்கான பேப்பரைக் கேட்டு ஒருவர் போன் செய்தால், குரலில் பாலக்காட்டு இழுப்பு இருக்கிறதா என்று முதலில் கவனிப்பேன். வீட்டில் எதிர்ப்பேச்சே பேசவில்லை. வந்த கோபத்தையெல்லாம் விழுங்கி விழுங்கி வயிறு உப்பிசமாகிவிட்டது. டாக்டர் கேஸ் என்றார். அது கேஸ் இல்லை, முரளியின் அத்தை.

இந்த நிலையில்தான் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். எல்லாருக்குமான சுய மேம்பாட்டு வகுப்பு. உங்கள் மன ஆற்றலை நீங்களே காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள். படிப்பு, மொழி, வயது, உடல்நிலை எதுவும் தடையில்லை, யாருக்கும் கதவு அடைக்கப்படாது. கட்டணம் இல்லை. சாயாவும் பருப்பு வடையும் உண்டு. சும்மா கிடைக்கிற எதையும் நம்பாதவள்தான் நான். ஆனாலும் காப்பாற்றிக்கொள்ள என்னிடம் ஆற்றல் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்கலாமே என்று பெயரைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஹாலில் உண்மையாகவே எல்லாரும் இருந்தார்கள். துறைமுகத்து கிரேன் ஆபரேட்டர் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒரு கல்லூரி மாணவி, கேன்டீன் நடத்தும் ஒரு திருநங்கை, முன்வரிசையில் காது கேளாத இளைஞர்கள் சிலர். அவர்களுக்காகச் சைகையில் மொழிபெயர்க்க ஒரு பெண் மேடையோரம் நின்றிருந்தார். நான் வழக்கம்போல ஒவ்வொரு முகமாக ஆராய்ந்து பார்த்தேன். பயிற்சியாளர் அனூப் சார், "இங்கே பேசுறது இந்த ஹாலைத் தாண்டாது. இங்கே யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அத்தை தெருவுக்குத்தானே வருவார், இங்கே எதற்கு வரப்போகிறார்?

அனூப் சார் சொன்னது எளிமையான விஷயம். மனசு ஒரு குடம் தண்ணீர். கேட்டு வாங்கிக் குடிப்பவருக்குக் கொடுக்கலாம். கேட்காமல் மொண்டுகொண்டே போகிறவரிடம், "இதற்கு மேல் இல்லை" என்று சொல்லத் தெரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவரை அப்படி மொள்ளுகிறவராக நினைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள் என்று எங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார்.

எனக்குப் பக்கத்தில் கசவுக் கரை போட்ட கேரளத்துச் செட்டுமுண்டு உடுத்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனக் கீற்று, கையில் பாதி கடித்த பருப்பு வடை, சாந்தமான முகம். பேசியதெல்லாம் மலையாளம். இங்கே தமிழில் தருகிறேன்.

"உன் தண்ணியை மொள்றது யாரு, மோளே?" என்று கேட்டார்.

"எனக்கு வரன் பார்த்திருக்கிற பையனோட அத்தை."

"அப்படியா? என்ன பண்றா?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல்லை சேச்சி. அதான் கஷ்டம். எப்ப வருவாங்க, எங்கே ஒளிஞ்சு நிப்பாங்கன்னே தெரியல்லை. அவங்களை நினைச்சே நான் பாதியாயிட்டேன். நீங்கதான் அந்த அத்தைன்னு வெச்சுக்கட்டுமா?"

"அதுக்கென்ன, வெச்சுக்கோ" என்று சொல்லி, வடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "நீங்க என்ன சி.ஐ.டி.யா? மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி தெருத்தெருவா விசாரிக்கிறீங்களே, கட்டிக்கப்போறது அவரா, நீங்களா?" என்று ஆரம்பித்தேன். குரல் தானாக ஏறியது. விழுங்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. மற்ற ஜோடிகள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சைகைப் பெண்மணி கடமை தவறாதவர். ஹாலில் உரக்கப் பேசப்படுவது எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அதையும் மொழிபெயர்த்தார். காற்றில் ஒரு நீள மூக்கை வரைந்து, அதை வாசல் வாசலாக நுழைத்துக் காட்டினார். அத்தை அதில் இன்னும் பயங்கரமாக இருந்தார்.

அந்த அம்மாளோ அசரவில்லை. "எங்க பையனுக்குப் பொண்ணு எடுக்கிறோம். விசாரிக்காம எடுப்போமா?" என்று திருப்பிக் கேட்டார்.

"நல்லா விசாரிங்க. என்கிட்ட வந்து விசாரிங்க. தெருவிலே எதுக்குக் கேக்கணும்?"

"சரி, உன்கிட்டயே கேக்கறேன். கோபம் வருமா?"

"வரும். இப்ப வந்திருக்கே, தெரியல்லையா? ஒருவாட்டி கரண்டியை விட்டெறிஞ்சேன். காலண்டர் மேலே பட்டுது."

"சமையல்?"

"சாம்பார் நல்லா வரும். மத்ததெல்லாம் சாம்பார் மாதிரியே வரும்."

"பையனைப் பிடிச்சிருக்கா?"

வீட்டில் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுவும் தட்டிப்போயிடுமோன்னு பயமா இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல்லை" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஹாலில் கைதட்டல். முன்வரிசை இளைஞர்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல் என்று எனக்கு அப்போது தெரியாது. டாட்டா காட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் காட்டினேன். கிளம்பும்போது அந்த அம்மாளிடம், "சேச்சி, நீங்க ரொம்ப நல்லா நடிக்கிறீங்க. அசல் அத்தை மாதிரியே இருந்துது" என்று பாராட்டு வேறு வழங்கினேன். அவர் வடையை எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வாரமே முரளி வீட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அம்மாவுக்குச் சந்தேகம். "அத்தை விசாரிக்காமலே எப்படி வர்றாங்க? இதிலே என்னமோ இருக்கு" என்றாள். வந்தார்கள். நான் டிரேயில் காப்பியோடு கூடத்துக்குள் கால் வைத்தேன். முரளி, அவருடைய அப்பா, அம்மா, அவர்களுக்கு நடுவில் அதே சந்தனக் கீற்று, அதே சாந்தம்.

டிரேயோடு அப்படியே திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்து, "என்னடி இது? பையன் நேரிலே கறுப்பா இருக்கானேன்னா?" என்றாள். மூன்றாவதும் போய்விட்டது, இந்த முறை ஷெர்லி சேச்சியும் இல்லை, அஷ்ரப் இக்காவும் இல்லை, நானே உட்கார்ந்து என் கையால் கெடுத்துக்கொண்டேன் என்று அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அத்தை அடுக்களைக்கே வந்துவிட்டார். இப்போது நல்ல பாலக்காட்டுத் தமிழ். "நான் அன்னிக்கு நடிக்கல்லை, கேட்டியா" என்றார்.

"மன்னிச்சிடுங்க. நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா நீயும் உங்க தெரு மாதிரி ஒப்பிச்சிருப்பே. சாயாக்கடையிலே கேட்டேன். அடக்கமான பொண்ணு, சத்தமே கேக்காதுன்னார். தையல்காரிகிட்ட கேட்டேன். அதே வாக்கியம். எதிர்வீட்டிலே கேட்டா, மலையாளத்திலே அதே வாக்கியம். ஊரே சேர்ந்து எதையோ மறைக்கறதேன்னு ஒரு சம்சயம் வந்துடுத்து. பொண்ணுக்குப் பேச்சு வராதோன்னு நினைச்சேன். வராட்டா என்ன, அதை எதுக்காக்கும் மறைக்கணும்? உன் குரலை ஒருவாட்டி காதாலே கேட்டுடலாம்னு உன் ஆபீஸ்லே விசாரிச்சுண்டு அந்த கிளாசுக்கு வந்தேன்."

"கேட்டுட்டீங்களா?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஹால் பூராக் கேட்டுதே. வீட்டிலே ஒண்ணும் சொல்லல்லை. அங்கே பேசினது வெளியே போகப்படாதுன்னு அந்த சார் சொன்னாரோல்லியோ? பொண்ணு நன்னாப் பேசறா, நம்ம முரளியைப் பிடிச்சிருக்குன்னு மட்டும்தான் சொன்னேன். காப்பி ஆறிப்போறது, கொண்டு வா."

அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்திருப்பது நிஜ அத்தைதானா என்ற சந்தேகம் அவளுக்குத் தாலி கட்டும் வரை தீரவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தை இந்தக் கதையைச் சொல்லாத விசேஷ வீடு இல்லை. போன மாதம் முரளியின் தங்கைக்கு எர்ணாகுளத்தில் ஒரு வரன் அமைந்தது. அத்தைக்கு முழங்கால் வலி, விசாரிப்புக்கு நீயே போய்விட்டு வா என்று என்னை அனுப்பினார். பையனின் ஆபீஸ் பக்கத்து ஜூஸ் கடையில் யாரோ போலப் போய் உட்கார்ந்தேன். பையனே வந்து எதிரில் உட்கார்ந்து, "சேச்சி இங்கே யாரைத் தேடறீங்க?" என்று மரியாதையாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ஒரு கிளாஸ் ஜூஸ் தீருவதற்குள் முரளியின் தங்கை எப்போது கோபிப்பாள், எதற்கு அழுவாள், அவனுடைய போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மறந்துபோனேன். அன்று சாயங்காலமே பையன் வீட்டிலிருந்து சம்மதம் என்று போன் வந்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்கு வரன் வந்தாலும் அத்தை முதலில் சொல்வது இதுதான்: "இவளை மட்டும் அனுப்பாதீங்கோ. விசாரிக்கப் போய் வாக்குமூலம் கொடுத்துட்டு வருவா."