மூணு விரல் வளர்ந்த கால்

நகரி நெசவாளர் தெருவில் பத்து நாளாகத் தறிச் சத்தம் இல்லை. வேலைநிறுத்தமா என்றால் அதுவும் இல்லை. தெருக்கோடியில் காலியாகக் கிடந்த கூடத்தில் அஸ்தியானந்த சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். அஸ்தி என்றால் எலும்பாம். மூட்டுவலி, இடுப்புவலி, முறிவு, சுளுக்கு எல்லாம் சுவாமிகளின் கை பட்டால் ஓடிவிடுமாம். வரதய்யபாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். திருமலை ஏறலாமென்று அலிபிரி வரை போனவர்கள்கூட, முதலில் முழங்காலைச் சரிசெய்துகொண்டு ஏறலாம் என்று திரும்பி வந்தார்கள். ஏழுமலையானுக்கே கூட்டம் குறைந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சுவாமிகளின் கண்டுபிடிப்பு அப்படி. ஆந்திரா தனி மாநிலமாகியிருந்தது. நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று டீக்கடைகளில் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவாமிகள் அந்தச் சண்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பூதேவிய ரெண்டா கூறு போட்டாங்க கதா? உங்க ஒடம்பும் கூறாயிடுச்சு. வலது கால் ஆந்திரா, இடது கால் மெட்ராஸ். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. வலிக்காம என்ன செய்யும்?"

சர்க்கார் இன்னும் எல்லைக்கல் நட்டபாடில்லை. சுவாமிகள் அதற்குள் ஜனங்களின் இடுப்பிலேயே நட்டுவிட்டார்!

வைத்தியம் ரொம்பச் சுலபம். ஆளைப் பலகையில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்வார். இடுப்பில் கைவைத்து ஆசீர்வதிப்பார். இரண்டு குதிகால்களையும் சேர்த்துப் பிடித்துக் காட்டுவார். ஐயையோ, ஒரு கால் மூன்று விரற்கடை குட்டை! மந்திரம் சொல்லி ஓர் இழுப்பு இழுப்பார். இரண்டும் சமம். காசு பணத்தைச் சுவாமிகள் கையால் தொடமாட்டார், பரம துறவி. ஒரு காலுக்கு ஒரு புதுத் துண்டு, இரண்டு காலுக்கும் ஒரு வேட்டி, அவ்வளவுதான். கூடத்து மூலையில் துணிமூட்டை உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தாட்சாயணிக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, வினை தன் வீட்டுக்கு வரும்வரை. மூன்று வாரத்துக்கு முன் அவள் புருஷன் தணிகாசலம், நெய்யும்போது காலைத் தொங்கவிடும் தறிக்குழி மூடாமல் கிடக்க, அதில் கால் இடறி விழுந்து, கீழ்க்கால் எலும்பை முறித்துக்கொண்டான். எலும்புக்கட்டுக்குப் பேர்போன புத்தூரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். "நாப்பத்தஞ்சு நாள் கட்டைத் தொடக் கூடாது. தொட்டா எலும்பு வெலகிப்பூடும். அப்பறம் அந்தக் காலால தறி மிதி மிதிக்க முடியாது," என்று கட்டியவர் படித்துப் படித்துச் சொல்லியனுப்பினார். மிதிக்க முடியாத கால் ஒரு நெசவாளிக்கு எதற்கு?

அந்தக் கட்டைத்தான் நாளை உச்சிப்பொழுதில் வீட்டுக்கே வந்து அறுத்தெறியப் போவதாகச் சுவாமிகள் சொல்லியனுப்பியிருந்தார்.

"மறுநாளே தறியில குந்திக்கலாம்னு சொல்றாங்க, தாட்சாயணி," என்றான் தணிகாசலம்.

"யாரு சொல்றாங்க?"

"ஊரே சொல்லுது."

"ஊரு சொன்னா எலும்பு கேட்டுக்குமா? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கினு கெடய்யா."

"படுத்துக்கினே கெடந்து எனக்குப் பைத்தியம் புடிக்குது. நான் அறுக்கச் சொல்லத்தான் போறேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. கையைப் பிசைந்துகொண்டிருக்காமல் நேரே கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டாள்: "நீ எப்படி வுழுந்த?" ஒன்பது பேரில் ஆறு பேர் தறிக்குழியில் விழுந்தவர்கள். அந்தக் குழி ஆந்திராவைச் சேர்ந்ததா, மெட்ராஸைச் சேர்ந்ததா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு ஓர் ஓரமாக நின்று சுவாமிகளின் கையையே பார்த்தாள். எல்லோரும் குதிகாலைப் பார்க்க, அவள் மட்டும் இடுப்பைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் உச்சியில் சுவாமிகள் கத்தியோடு வந்தார். பின்னாலேயே தெருவும் வந்தது.

"சாமி, கட்டை அறுக்கறதுக்கு முன்ன, எங்க கண்ணெதிர்ல ஒரு காலை வளத்துக் காட்டுங்க," என்றாள் தாட்சாயணி.

பக்கத்து வீட்டு சிவசங்கரன், பரம பக்தன், ஓடிவந்து பலகையில் உட்கார்ந்தான். சுவாமிகள் கை வைப்பதற்குள் தாட்சாயணி ஒரு பாவு நூலை எடுத்து அவன் பெண்டாட்டி இந்திராணியிடம் கொடுத்தாள். இந்திராணி அவனுடைய இடது இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டாள்.

"அளந்துக்கோம்மா, அளந்துக்கோ," என்று சுவாமிகள் பெரிய மனசோடு சிரித்தார். கை வைத்தார். மெட்ராஸ் கால் மூன்று விரற்கடை குட்டை! இழுத்தார். சமம்! "கோவிந்தா!" என்று கூட்டம் வீட்டுக் கூரையைத் தூக்கியது.

"இப்ப அள, இந்திராணி."

அளந்தாள். மேல்முடிச்சு இடுப்பெலும்பில், கீழ்முடிச்சு கணுக்காலில். இம்மி பிசகவில்லை.

"மூணு விரல் வளந்த காலுக்கு நூல் பத்தாம பூடணுமே சாமி?"

சுவாமிகள் கண் இமைக்கவில்லை. "நூலும் வளர்ந்துச்சும்மா. அருள்!"

"அடடா! அப்ப காலை வுடுங்க, நூல் வளர்ற மந்தரத்த மட்டும் சொல்லுங்க. சொசைட்டி வாசல்ல நூலுக்குக் காத்துக்கினு நிக்கற கஷ்டமாவது தீரும்!"

முதலில் சிரித்தது சிவசங்கரன்தான். பிறகு தெருவே சிரித்தது.

"இந்திராணி, உன் ஊட்டுக்காரர் இடுப்புல கை வெய்யி. லேசா இந்தப் பக்கம் திருப்பு."

திருப்பினாள். இடது கால் குட்டை.

"அந்தப் பக்கம் திருப்பு."

வலது கால் குட்டை!

"ஐய, நானும் சாமியாயிட்டேன்!" என்று இந்திராணி கூவினாள். "நேத்து என் காலுக்குக் குடுத்த துண்டு எங்கய்யா?"

சுவாமிகள் கத்தியைப் போட்டார், காவியைத் தூக்கிப் பிடித்தார், எடுத்தார் ஓட்டம். தெருவை அடைத்துக்கொண்டு ஜனம். பக்கத்தில் சிவசங்கரன் வீடு திறந்து கிடந்தது. அதற்குள் புகுந்தார். பத்து நாளாகத் தறி ஓடாத வீடு, மூடாத குழி. தொப்பென்று ஒரு சத்தம். "அம்மா!" என்று ஓர் அலறல். அதில் மந்திரம் ஒன்றும் கலந்திருக்கவில்லை.

எட்டிப் பார்த்தால், குழிக்குள் சுவாமிகள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது பலாக்காயாக வீங்கிக்கொண்டிருந்தது.

"எந்தக் காலு சாமி? ஆந்திராவா, மெட்ராஸா?" என்று கேட்டாள் தாட்சாயணி.

சுவாமிகளுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. "புத்தூருக்கு பஸ் எத்தன மணிக்கும்மா?"

அதைக் கேட்டதும் தணிகாசலம் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான். மறுநாள் தெருவில் தறிச் சத்தம் கேட்டது. வேலை முடிந்ததும் குழிக்குக் குழி பலகை போட்டு மூடினார்கள்.

எல்லைக்கோட்டை அளக்கிறவர்கள் எப்படியாவது அளந்து முடிக்கட்டும். வீடு நிறைய நூலை வைத்துக்கொண்டு, பத்து நாள் வரிசையில் நின்ற மகாஜனங்களே, அதில் இரண்டு முழம் எடுத்து உங்கள் காலை நீங்களே அளந்து பார்க்க உங்களை எந்தச் சர்க்கார் தடுத்தது?