கழுத்துக்குக் கீழே ஒரு கதாநாயகன்

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு சினிமாப் படம் எடுத்திருக்கிறேன். அதில் யாருக்கும் கழுத்துக்கு மேலே ஒன்றும் கிடையாது. (எடுத்தவனுக்கும் அப்படித்தான் என்று என் மாமனார் சொன்னார்.) எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அதில் பாதியை நான் இதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கோட்டாற்றில் அப்பாவின் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்துநான்கு, கல்யாணமாகி ஆறு மாதம். நாகர்கோவிலுக்கு வருகிற படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "இதைவிட நான் நன்றாக எடுப்பேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்வதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது.

உலகச் சண்டை முடிந்ததும் மிலிட்டரிச் சாமான்களைக் கொச்சியில் ஏலம் விட்டார்கள். அதில் போன ஒரு கேமரா கைமாறிக் கைமாறி மலிவாக என்னிடம் வந்தது. ஆகாய விமானத்தில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் பொருத்துவது. சுடும்போது குண்டு எதிரி மேல் பட்டதா என்று தானாகவே படம் பிடிக்கும். பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும். கண் வைத்துப் பார்க்க இடம் கிடையாது. விமானத்து மின்சாரம் இல்லாமல் ஓடவும் ஓடாது.

அதைத் தாணு மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். வடசேரியில் கிராமபோனும் தையல் மிஷினும் ரிப்பேர் செய்பவர். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. மோட்டாரைக் கழற்றி வீசிவிட்டுக் கிராமபோன் ஸ்பிரிங்கை உள்ளே வைத்தார். சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும். ஓட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. கண் வைத்துப் பார்க்க மேலே ஒரு பித்தளைக் குழலைப் பற்றவைத்தார். குழலில் தெரிவதுதான் பிலிமில் விழ வேண்டும். அதைச் சரிபார்க்க மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

"வேய், மொதல்ல ஒரு சுருள் எடுத்துப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவிப் பாரும். செரியா இருந்தா மிச்சத்த எடும்" என்றார்.

"அதுக்கு ரெண்டு மாசம் ஆவும் மேஸ்திரி. ஓட்டம் கெட்டுப் போவும்" என்றேன். எந்த ஓட்டம் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

கதாநாயகன் சூசை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். மணக்குடியில் அப்பன் விட்டுப்போன கட்டுமரத்தில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் சந்தைக்குள் வந்தால் மீன் வாங்குகிறவர்கள் மீனைப் பார்க்க மாட்டார்கள், அப்படி ஒரு ஆள்.

"நடிக்க வாரியா?" என்று கேட்டேன்.

"வாரேன் மக்கா. பாடணுமா?"

"பாடாண்டாம். ஊமைப் படம். வசனத்த நான் பக்கத்துல நின்னு வாசிப்பேன்."

"அப்ப ஒனக்குத்தான் கஷ்டம்" என்றான்.

கதாநாயகி கிடைக்கவில்லை. கடைசியில் என் மனைவி தங்கத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "மூஞ்சி தெரியப்பிடாது. தெரிஞ்சா எங்க அப்பா கெணத்துல சாடிருவாரு." ஆகவே படம் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டே காதலித்தாள். (அவள் கேட்ட வரம் அவளுக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் கிடைத்தது.)

முதல் நாள் நானும் சூசையும் மட்டும் ஆரல்வாய்மொழிக்குப் போனோம். அந்தக் கணவாய்க் காற்றைப் பற்றி எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மூங்கிலில் கட்டிய முக்காலியை மேட்டில் நிறுத்திவிட்டு, டைரக்டர் என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். காற்று முக்காலியை அப்படியே தூக்கிப் பாறையில் அடித்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழல் மட்டும் வளைந்திருந்தது. ஒரு கல்லை எடுத்துத் தட்டித் தட்டி நானே நிமிர்த்தினேன்.

"மக்கா, மேஸ்திரிட்ட ஒருக்கா காட்டீருவமா?" என்றான் சூசை.

"இதுக்குப் போயி அவரிட்ட பேச்சு கேக்கணுமா? செரியாத்தான் இருக்கு. நீயும் சொல்லாத."

அவன் சொல்லவில்லை. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் எடுத்தோம். உப்பளத்துப் பெண்ணைத் தேடி ஒருவன் கடற்கரையிலிருந்து மலைவரை நடக்கிற கதை. கதையில் நடைதான் அதிகம். சூசை விடிவதற்கு முன்னே கடலுக்குப் போய்விட்டு வந்து, மீனை விற்று, குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலை சீவிக்கொண்டு வருவான். அவன் முடியைச் சரிசெய்யவே நான் அரை மணி நேரம் செலவழிப்பேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எல்லாச் சுருளையும் ஒரே பெட்டியில் போட்டுப் பம்பாய்க்கு அனுப்பினேன்.

ஆனி மாதம் கடல் புரண்டு கிடந்தபோது மூன்று பேர் ஒரு கட்டுமரத்தில் போனார்கள். இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். சூசை வரவில்லை. எட்டு நாள் கரை நெடுகத் தேடினோம். உடம்பும் கிடைக்கவில்லை.

அவன் போய் ஒன்றரை மாதம் கழித்துப் பெட்டி வந்தது. அதைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குள் செய்தி மணக்குடிக்குப் போய்விட்டது. சூசையின் அம்மா மரியம்மை ஏழு மைல் நடந்து கடைக்கு வந்து நின்றாள்.

"எனக்க மவன் அதுல நடக்கான்னு சொல்லுதாவ. நெசமா மக்கா?"

நிஜம்தான் என்றேன். அவன் உயிரோடு இருந்தபோது ஒரு போட்டோகூட எடுத்ததில்லை என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கிட்டங்கியில் துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்தோம். ஊர் ஊராகப் பக்திப் படம் காட்டுகிற ஒருவர் மெஷினோடு வந்தார். என் வீட்டார், மாமனார், தாணு மேஸ்திரி, முன்வரிசையில் மரியம்மையும் அவள் மகளும். வசன நோட்டோடு நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

திரையில் ஒரு வேட்டி நடந்து வந்தது. மேலே நெஞ்சு, தோள், கழுத்து. அவ்வளவுதான். அடுத்த காட்சியும் அப்படி. தலையில்லாத ஒருவன் தலையில்லாத ஒருத்தியிடம் பூவை நீட்டினான். பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. மாமனார் சத்தமாகவே சிரித்தார். மகள் முகம் தெரியவில்லை என்ற நிம்மதியும் அதில் இருந்தது. நான் முதல் வசனத்தை வாசித்துவிட்டு நோட்டை மூடினேன்.

மரியம்மை சிரிக்கவில்லை. "இது அவனுக்க நடை" என்று மகளிடம் சொன்னாள். "கையப் பாரு, தூண்டி கிழிச்ச பாடு" என்று தழும்பைக் காட்டினாள். பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"முகம் எப்பம் வரும் மக்கா?"

"வரும்" என்றேன்.

சுருள் மாற்றி, சுருள் மாற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் மெஷினைப் பார்த்தேன்.

கடைசிக்கு முந்தின சுருள், சிதறால் மலையில் எடுத்தது. சூசை பாறையில் ஏறி வருகிறான். அன்றைக்கு அவன் காலில் முள் குத்தி நின்றுவிட்டான். ஸ்பிரிங்கை நிறுத்த முடியாததால் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. பிலிம் வீணாகிறதே என்று நான் கத்தினேன். இப்போது திரையில் அவன் முள்ளை எடுக்கக் குனிந்தான். குனிந்ததும் முகம் கீழே வந்தது. முழு முகம். கத்துகிற என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். பிறகு எழுந்துவிட்டான்.

மரியம்மை இரண்டு கையையும் திரையை நோக்கி நீட்டினாள். "அத ஒருக்கா திருப்பிப் போடச் சொல்லு மக்கா" என்றாள்.

ஏழெட்டுத் தடவை போட்டோம். அதற்குமேல் பிலிம் அறுந்துவிடும் என்றார் மெஷின்காரர். அந்த இடத்தை மட்டும் கடையில் துணி வெட்டுகிற கத்தரியால் வெட்டி அவள் கையில் கொடுத்தேன். ஒரு முழம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வரிசையாகக் குட்டிக் குட்டி முகங்கள்.

அப்போது தாணு மேஸ்திரி முன்னால் வந்து, "எனக்க கொழல்தான் அம்மா தப்பாப் போச்சு" என்று கைகூப்பினார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து அவர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தையல் மிஷினிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

"தெரியும் வேய். படம் போட்ட மறுநாளே கேமராவ வாங்கிப் பாத்தேனே. கொழல்ல கல்லு தட்டுன பாடு இருந்து. நீரா வந்து சொல்லுவீருன்னு இருந்தேன். பத்து நாளா?"

அவர் ஒரு திருகை முடுக்கினார்.

"இனி எனக்க கடைக்கு ஒண்ணும் கொண்டு வராண்டாம்" என்றார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஊர் அவருக்குத் 'தலைவெட்டி மேஸ்திரி' என்று பெயர் வைத்தது. சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. மரியம்மை இறந்தபோது அந்தப் பிலிமைக் கையில் சுற்றிச் சவப்பெட்டியில் வைத்தார்கள் என்று அவள் மகள் சொன்னாள்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்றைக்கும் போட்டோவுக்கு வரிசையாக நின்றவுடன் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். "தாத்தா கையில கேமராவக் குடுத்துராதிங்க. எல்லாருக்கும் தல வேணும்." எல்லோரும் சிரிப்பார்கள். படத்திலும் அந்தச் சிரிப்போடுதான் விழுவார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாதம் பேத்தி ஒருத்தி, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டாள். "அந்த ஹீரோ ஆளு எப்படி இருப்பாரு தாத்தா?"

சொல்ல ஆரம்பித்தேன். தோள் அகலம் சொன்னேன். தூண்டில் கிழித்த கையைச் சொன்னேன். பாறையில் கால் வைக்கிற விதத்தை நடந்தே காட்டினேன்.

"மூஞ்சி?" என்றாள்.

நல்ல மூஞ்சி என்றேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.