நாலு விரல்

“ஒரு சாண் ஜாஸ்தி,” என்று டேப்பைச் சரக்கென்று சுருட்டினார் இன்ஸ்பெக்டர் ராஜகோபால். “லைட்டை இறக்கி வெச்சு எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் எஃப்.சி. கிடையாது.”

தாம்பரத்தில் லாரிகளைப் பரிசோதிக்கும் மைதானம் அது. தன் மீன் லாரியின் பின்னால் நின்றிருந்த வீராசாமிக்கு இதில் என்ன நியாயம் என்றே புரியவில்லை. உப்புத் தண்ணீர் படக்கூடாதென்று, சிவப்பு விளக்கு இரண்டையும் அவன்தான் ஆசை ஆசையாக உயரத்தில் வைத்திருந்தான்.

“ஒசரத்துல கீறதுதானே சார் நல்லா தெரியும்?”

“யாருக்கு, காக்காவுக்கா? பின்னாடி ஸ்கூட்டர்ல வர்றவன் கண்ணுக்குத் தெரியணும்ப்பா. அதுக்குத்தான் ரூல்.”

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் இல்லாமல் லாரி ரோட்டில் ஓடக்கூடாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் அம்மன் ஊர்வலம். ஒன்பது வருஷமாக அம்மன் ஏறுவது வீராசாமியின் லாரியில்தான். இந்த வருஷம் எஃப்.சி. கிடைக்காவிட்டால் அம்மன் துளசிங்கத்தின் புது லாரிக்கு மாறிவிடுவாள். அந்தப் பாவி இப்போதே வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை வெல்டர் ஏகநாதனைக் கடற்கரைக்கே வரவழைத்து விளக்குகளை இறக்கினான். அளந்து பார்த்தால் அச்சு அசலாக ரூல்படி இருந்தது. மைதானத்துக்குப் போனால் மறுபடியும் உயரம்.

“எங்க வெச்சு அளந்தே?” என்றார் ராஜகோபால்.

“கடலாண்ட சார். ஐஸு, மீனு எல்லாம் ஏத்திகினு.”

“அட, காலி வண்டியிலதான்யா அளக்கணும்! லோடு இறங்கினா வண்டி எழும்பாதா?”

சுற்றியிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். வீராசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புதன்கிழமை விளக்குகளை இறக்கு இறக்கென்று இறக்கினான்.

“இது எறும்புக்கா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் ராஜகோபால்.

வியாழக்கிழமை காலையில் கோபத்தோடு மேலே ஏற்றியதில் நாலு விரல் தாண்டிப்போனது. ஏகநாதன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“இன்னும் நாலு விரல் எறக்கினா முடிஞ்சுதுய்யா,” என்றாள் மனைவி முத்தாலம்மாள்.

“முடியாது! மூணு தபா வெட்டி ஒட்டியாச்சு. துளசிங்கம் பாத்து சிரிச்சிகினுகீறான். அம்மன் சத்தியமா சொல்றேன், இனிமே லைட்டு எறங்காது. லாரிதான் எறங்கும்!”

லாரியை இறக்க வழியும் வைத்திருந்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. குப்பத்துப் பெண்கள் பதினெட்டு பேர் கருவாடு விற்கப் போவார்கள். அவர்களை ஓசியில் ஏற்றி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டால் அந்தப் பாரத்தில் லாரி நாலு விரல் இறங்காதா என்ன? முத்தாலம்மாளின் சின்னம்மா கங்கையம்மாள் ஒருத்தி ஏறினாலே படகு ஒரு பக்கம் சாயும்.

முத்தாலம்மாள் மறுத்துப் பேசவில்லை. அதுவே பெரிய அதிசயம். திருவிழா வண்டிக்குக் கண் படக்கூடாதென்று அன்று சாயங்காலமே லாரியின் பின்பக்கம் முழுக்க வேப்பிலைத் தோரணம் கட்டிவிட்டாள். ஊர்வலம் முடிகிறவரை யாரும் கை வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி கிளம்பியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தார்ப்பாயைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“அத்தே! மைதானத்துல யாரும் மூச்சு விடக்கூடாது. தும்மல் வந்தாலும் அடக்கிக்கணும், இன்னா?”

“நீ போய் டீ குடி மாப்ளே,” என்றது தார்ப்பாய்.

குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான். மைதானத்தில் ராஜகோபால் லாரியைச் சுற்றி வந்தார்.

“உள்ள என்ன?”

“கா... காலி சார்.”

அவர் தார்ப்பாயைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். வீராசாமி முன்பக்கம் ஓடிப்போய் ஹெட்லைட்டைப் பிடித்துக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டான்.

“காலிதான்,” என்றார் ராஜகோபால்.

வீராசாமிக்கு மெய்சிலிர்த்தது. பதினெட்டு பேரும் எந்த மூலையில், எப்படித்தான் ஒளிந்தார்களோ! மீன் ஏலத்தில் ஊரே அதிரக் கத்துகிற பெண்கள், அவனுக்காக ஒரு செருமல்கூட இல்லாமல் கிடக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது.

ராஜகோபால் வேப்பிலையை விலக்கினார், அளந்தார். இன்னொரு தடவையும் அளந்தார்.

“அட! ரூல்படி கச்சிதம்.” கட்டைவிரலைப் பார்த்தார். “பெயின்ட்தான் இன்னும் காயலை.”

“திருவிழா வண்டி சார்,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான் வீராசாமி.

கையெழுத்து விழுந்தது. அன்றைக்குச் சிரித்த அதே டிரைவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தன் விசிலே அடித்தான். வீராசாமி செல்போனை எடுத்துத் துளசிங்கத்துக்கு மூன்று மிஸ்டு கால் கொடுத்தான். அம்மன் பத்தாவது வருஷமும் அவன் லாரியில்தான்! லாரி ஆர்டிஓ வாசலைத் தாண்டியபோது அவன் அடித்த ஹாரனுக்குத் தாம்பரமே திரும்பிப் பார்த்தது.

“அத்தே, ஜெயிச்சிட்டோம்!” என்று வழியெல்லாம் பின்னால் பார்த்துக் கத்தினான். பதில் இல்லை. இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன விசுவாசம் என்று உருகிப்போனான்.

பல்லாவரம் சந்தையில் லாரியை நிறுத்திக் கீழே குதித்தவன் அப்படியே நின்றான். எதிரே, பாதிக் கூடை கருவாட்டை விற்று முடித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள் கங்கையம்மாள்.

“அத்தே... நீங்க எப்டி... உங்க பாரத்தாலதானே லைட்டு எறங்கி பாஸாச்சு?”

“நாங்க நீ டீ குடிக்கப் போனப்பவே எறங்கி பஸ் புடிச்சிட்டோம் மாப்ளே, நேத்தே உன் பொண்டாட்டி ஏகநாதனை இட்டாந்து லைட்டை நாலு விரல் எறக்கி வேப்பிலையால மூடிட்டாளே, அப்புறம் எங்க பாரம் இன்னாத்துக்கு?”